சிம்னி வழியே போன வாயு

தூத்துக்குடிப் பக்கம் இப்போது டீக்கடையிலும் நிலத் தரகர் வாயிலும் பாலிடெக்னிக் விளம்பரப் பலகையிலும் பசுமை ஹைட்ரஜன்தான். இந்த வாயு இந்த ஊருக்குப் புதிது என்று பலரும் நினைக்கிறார்கள். என் பிழைப்போ முழுக்க அதன் பக்கத்திலேயே கழிந்தது. காஸ்டிக் சோடா ஆலை ஒன்றில் ஷிப்ட் இன்ஜினியராகச் சேர்ந்து, செல் ஹவுஸ் பொறுப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். உப்புநீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு பக்கம் குளோரின் வரும். மறுபக்கம் காஸ்டிக்கும் ஹைட்ரஜனும் வரும். ஒரு டன் காஸ்டிக் எடுத்தால் 25 கிலோ ஹைட்ரஜன் கேட்காமலே வந்து நிற்கும். நாளொன்றுக்கு 100 டன் எடுக்கிற ஆலை என்றால் இரண்டரை டன். அதில் கொஞ்சத்தைக் குளோரினோடு எரித்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் செய்வோம். கொஞ்சம் பாய்லருக்குப் போகும். சிலிண்டரில் அடைத்து விற்பதும் உண்டு. மிஞ்சியது சிம்னி வழியே வானத்துக்கு. அதற்காக யாரும் வருத்தப்பட்டதாக நினைவில்லை.

எங்களைப் போன்ற காஸ்டிக் ஆலைகள் மட்டுமல்ல. தூத்துக்குடியில் ஸ்பிக் ஆலை 1975-இல் அம்மோனியா, யூரியா உற்பத்தியைத் தொடங்கியது. நாஃப்தாவை உடைத்து அதிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தார்கள். அந்த ஹைட்ரஜனில் துளியூண்டு கலந்திருக்கும் டியூட்டீரியத்தைப் பிரிக்க, அதே வளாகத்தை ஒட்டி 1978-இல் கனநீர் ஆலை வந்தது. அனல் மின்நிலையத்தில் 210 மெகாவாட் ஜெனரேட்டர்களின் வயிற்றுக்குள் சூடு தணிக்கச் சுற்றுவதும் ஹைட்ரஜன்தான். கொஞ்சம் மேற்கே போனால் மகேந்திரகிரி. அங்கே இஸ்ரோ கழித்தல் 253 டிகிரியில் அதைத் திரவமாக வைத்துக்கொண்டு கிரையோஜெனிக் இன்ஜின்களைச் சோதிக்கிறது. ஆக, ஹைட்ரஜனைக் கையாளத் தெரிந்த ஆட்கள் இந்தத் தென்கோடியில் இரண்டு தலைமுறையாக இருக்கிறார்கள். இத்தனை ஆயிரம் கோடி முதலீட்டுப் பேச்சில் இந்தச் சொத்தை யாரும் கணக்கில் எடுத்து நான் கேட்டதில்லை.

செல் ஹவுஸுக்குள் முதன்முறை நுழைகிறவர்கள் சத்தத்தை எதிர்பார்ப்பார்கள். சத்தமே இருக்காது. டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபயர் பக்கம் ஓர் உறுமல் கேட்கும், அவ்வளவுதான். உள்ளே வரிசை வரிசையாகச் செல்கள், அவற்றுக்கு இடையே கையகலத்துக்குப் பஸ்பார். ஒரு செல்லில் வோல்டேஜ் மூன்றுதான், டார்ச் லைட் பாட்டரிகள் இரண்டைச் சேர்த்தால் கிடைக்கிற அளவு. ஓடுகிற கரண்ட்டோ பல்லாயிரம் ஆம்பியர். பழைய சாவி கொடுக்கிற கைக்கடிகாரத்தோடு உள்ளே போனால் நின்றுவிடும். ஸ்பானரைப் பஸ்பார் பக்கம் நீட்டினால் யாரோ இழுப்பது போலக் கை தானாகத் திரும்பும். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவோம்.

பசுமை ஹைட்ரஜனுக்காகப் பச்சைத் தண்ணீரைப் பிளக்கிற ஆல்கலைன் எலக்ட்ரோலைசரும் இதற்குப் பங்காளிதான். உப்புநீருக்குப் பதில் 25 முதல் 30 சதவீதம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், குளோரினுக்குப் பதில் ஆக்சிஜன், வோல்டேஜ் இரண்டுக்குள். ரெக்டிஃபயர் அதே ரெக்டிஃபயர். கேஸ்கெட் கசிவும் கிரிஸ்டல் படிந்த ஃபிளாஞ்சும் அப்படியேதான். காஸ்டிக் ஆலையில் பத்து வருஷம் இருந்த ஆபரேட்டரை எலக்ட்ரோலைசர் முன் நிறுத்தினால் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார். நான் கண்ணால் பார்த்தது.

ஹைட்ரஜனின் குணத்தைத்தான் புதியவர்கள் லேசில் நம்ப மாட்டார்கள். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றும். 75 சதவீதம் வரை பற்றிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் ஆவி பற்றுவதற்கு வேண்டிய பொறியில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு வேண்டாம். நைலான் சட்டையில் எழும் நிலைமின் பொறியே போதும். பற்றினாலும் பகல் வெளிச்சத்தில் தீ தெரியாது. எங்கள் காலத்தில் குழாயில் கசிவு என்று சந்தேகம் வந்தால், நீளக் கம்பில் விளக்குமாற்றைக் கட்டி முன்னே நீட்டிக்கொண்டு நடப்போம். விளக்குமாறு சட்டென்று கருகினால் அங்கே தீ நிற்கிறது என்று அர்த்தம். இப்போது புற ஊதாக் கதிரைப் பிடிக்கிற சென்சார்கள் வந்துவிட்டன. இருந்தும் அந்த விளக்குமாற்றை மறக்க வேண்டாம் என்றுதான் என்னிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் சிம்னி முனையில் மின்னல் தொட்டு, வெளியே போகிற ஹைட்ரஜன் பற்றிக்கொள்வது உண்டு. காஸ்டிக் நீராவி கொஞ்சம் கலந்திருப்பதால் சோடியத்தின் மஞ்சள் ஏறி, இரவில் அது நன்றாகவே தெரியும். ஊரிலிருந்து போன் வரும்: “ஆலை எரியுதா?” உள்ளே நாங்கள் பதறுவதில்லை. பதறிப் போய் வாயுவை நிறுத்திவிட்டால்தான் ஆபத்து. குழாயில் அழுத்தம் குறைந்து காற்று உள்ளே ஏறும், தீயும் பின்னாலேயே வரும். நைட்ரஜனைத் திறந்துவிட்டு, அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொண்டால் தீ தானாக அணையும். எந்தக் குழாயைத் திறப்பதற்கு முன்னும் நைட்ரஜன், மூடிய பின்னும் நைட்ரஜன். இந்தப் பழக்கம் கையில் ஊற வருஷங்கள் ஆகும். கோடிகளை வங்கியில் கடனாக வாங்கிவிடலாம். இந்தக் கையைக் கடன் வாங்க முடியாது.

2025 செப்டம்பரில் வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் சோதனை ஆலை ஒன்றைத் தொடங்கிவைத்தார்கள். மணிக்கு 10 கன மீட்டர் பசுமை ஹைட்ரஜன், செலவு ₹3.87 கோடி, அதிலிருந்து வரும் மின்சாரத்தில் துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளும் மின்வண்டி சார்ஜ் நிலையமும். 10 கன மீட்டர் என்றால் எடையில் ஒரு கிலோகூட இல்லை. நாள் முழுக்க ஓடினாலும் 21, 22 கிலோ. ஒரு நடுத்தரக் காஸ்டிக் ஆலை தன் போக்கில் தருகிற ஹைட்ரஜன் அதைப் போல நூறு மடங்கு. கேலிக்காகச் சொல்லவில்லை. சின்னதாகத் தொடங்கிக் கையைப் பழக்குவதே சரியான முறை. அதே ஆண்டு அக்டோபரில் காண்ட்லா, பாரதீப் துறைமுகங்களோடு தூத்துக்குடியையும் மத்திய அரசு பசுமை ஹைட்ரஜன் மையமாக அறிவித்தது.

சின்னதிலிருந்து பெரியதற்குப் போகும்போது கணக்கு எப்படி வீங்குகிறது என்று பார்க்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். செம்ப்கார்ப் நிறுவனம் 2024-இல் ஜப்பானின் சோஜிட்ஸ், கியூஷு எலக்ட்ரிக் நிறுவனங்களோடு ஒரு முன் உடன்பாடு செய்தது: தூத்துக்குடியிலிருந்து ஆண்டுக்கு 2 லட்சம் டன் பசுமை அம்மோனியா. ஒரு டன் அம்மோனியாவுக்கு 177 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். ஆக ஆண்டுக்குச் சுமார் 35,000 டன் ஹைட்ரஜன். ஒரு கிலோவுக்கு 50 யூனிட்டுக்குக் குறையாமல் மின்சாரம் போகும். இரவும் பகலும் இடைவிடாமல் 200 மெகாவாட் உறிஞ்சினால்தான் கட்டும். வெயில் மாலை ஆறுக்குப் போய்விடும், காற்றுக்குப் பருவம் உண்டு. ஆகவே நிறுவ வேண்டிய சோலாரும் காற்றாலையும் அதைப் போல மூன்று மடங்குக்குக் குறையாது. ஒரு யூனிட் நாலு ரூபாய் என்று வைத்தால், ஒரு கிலோ அம்மோனியாவில் மின்சாரச் செலவு மட்டும் 35 ரூபாயைத் தாண்டுகிறது. 2025-இல் மத்திய அரசின் எஸ்இசிஐ நடத்திய ஏலத்தில், முதலில் முடிவான விலை கிலோ ₹55.75. பாக்கியில் ஆலை, கடன், வட்டி, ஆள், தண்ணீர் எல்லாம் அடங்க வேண்டும். இந்தத் தொழிலில் மின்சாரம்தான் மூலப்பொருள். தண்ணீர் இரண்டாம்பட்சம்.

இதைச் சொன்னால் எங்கள் பக்கத்து விவசாயிகளுக்குக் கோபம் வரும். கோபத்தில் நியாயம் இருக்கிறது. தாமிரபரணியில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து ஆலைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் 20 எம்ஜிடி திட்டம், நாளொன்றுக்குச் சுமார் 9 கோடி லிட்டர், தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்காகப் போனது. கடைமடை வாழைக்கு நீர் இல்லாத கோடையில் அந்தக் குழாயைப் பார்த்தவர்கள், ஹைட்ரஜன் என்றதும் தண்ணீரைத்தான் முதலில் கேட்பார்கள். என் கணக்கு இது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் சுத்த நீர் இயற்கை விதி. அந்த 2 லட்சம் டன் அம்மோனியா ஆலைக்குச் செல்லுக்குள் போகிற தண்ணீர் நாளொன்றுக்குச் சுமார் ஒன்பது லட்சம் லிட்டர் ஆகும். குளிர்விக்கவும் சுத்திகரிப்பில் கழியவும் சேர்த்தால் இரண்டு, மூன்று மடங்கு. 20 எம்ஜிடியோடு பார்த்தால் சின்னப் பங்குதான். அதுவும் கடல்நீரிலிருந்து வர வேண்டும். முள்ளக்காட்டில் நாளொன்றுக்கு 6 கோடி லிட்டர் நன்னீராக்கும் ஆலைக்குச் சிப்காட் திட்டம் போட்டது ஆலைகளின் தேவைக்குத்தான். கடல்நீரைச் சுத்திகரிக்க ஆகிற மின்செலவு, தண்ணீரைப் பிளக்க ஆகிற செலவில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. ஆற்றில் கை வைக்கப் பொருளாதாரக் காரணம் எதுவும் இல்லை.

இதையெல்லாம் ஏரல் பக்கம் வாழைத்தோப்பு வைத்திருக்கும் ஒருவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் கேட்டார்: “எல்லாஞ் சரி அண்ணாச்சி. கடல் தண்ணிதான்னு சொல்லுதாவ. கடல்ல இருக்க மோட்டார் ரிப்பேர் ஆச்சுன்னா ஆத்துலதான வந்து நிப்பாவ?” திட்ட அறிக்கைகளில் நான் இந்தக் கேள்வியைப் பார்த்ததில்லை. பதில் இருக்கிறது: ஆலைக்கு ஆற்றிலிருந்து குழாயே போடக் கூடாது. குழாய் இல்லாவிட்டால் ஆலை இரண்டு நாள் நின்று கிடக்கும், அவ்வளவுதானே. குழாய் போட்டுவிட்டு ஒப்பந்தத்தில் ‘அவசரத்துக்கு மட்டும்’ என்று எழுதினால், அவசரம் வருஷா வருஷம் சித்திரையில் வரும்.

தண்ணீர் இன்னொரு விதத்திலும் வரும். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளத்தைப் பார்த்த பிறகும் ரெக்டிஃபயர் அறையைத் தரையோடு தரையாக வரைந்து கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியூர் வரைபடம் அப்படித்தான் இருக்கும்.

மின்சாரத்துக்கு வருவோம். இந்த மாவட்டத்துக்குக் காற்று வழியாக ஒரு முன்வரலாறு உண்டு. நாட்டில் மின்தொகுப்போடு இணைத்த முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986-இல் அதே முள்ளக்காட்டில்தான் நின்றது. ஆடிக் காற்றில் இறக்கை சுழல்வதை நிறுத்த முடியாது. அந்தச் சமயம் மின்சாரம் மிஞ்சி, எடுத்துக்கொள்ள முடியாமல் காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன காலமும் உண்டு. மிஞ்சுகிற காற்றை ஹைட்ரஜனாக்கலாம் என்று மேடையில் சொன்னால் கைதட்டு விழும். செல் ஹவுஸ்காரனுக்கு உடனே தொண்டை காயும். எங்கள் தொழிலில் லோடு ஏற்றுவதும் இறக்குவதும் நோயாளிக்கு மருந்து மாற்றுவது போல நிதானமாகச் செய்கிற காரியம். மேகம் ஒன்று சோலார் பண்ணையைக் கடந்தால் நிமிஷத்தில் லோடு பாதியாகும். ஆல்கலைன் செல்லில் கரண்ட் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால், உற்பத்தியாகிற ஆக்சிஜன் குறைந்துபோய், டயஃப்ரம் வழியே கசிகிற ஹைட்ரஜனின் விகிதம் அதில் ஏறும். ஆக்சிஜனுக்குள் ஹைட்ரஜன் 2 சதவீதத்தை எட்டினால் ஆலை தானாக ட்ரிப் ஆக வேண்டும். காலையில் ஏற்றி மாலையில் இறக்கி, தினமும் இப்படி ஆட்டினால் நிக்கல் பூச்சு தேயும். அடுத்த கட்டத்தில் இருக்கிற அம்மோனியா கன்வர்ட்டர் இன்னும் முரடு: 400, 450 டிகிரிச் சூட்டில், 150 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில், இரும்பு வினையூக்கியோடு ஒரே சீராக ஓடவே பிறந்தது. நடுவில் ஹைட்ரஜனைச் சேமித்து வைக்கத் தொட்டிகள், இரவுக்குக் காற்றாலை, கிரிட், பாட்டரி எல்லாம் வேண்டும். திட்டச் செலவு வீங்குவது இந்த இடத்தில்தான்.

இதையெல்லாம் நம் நாடு ஒரு தடவை செய்து பார்த்திருக்கிறது. 1961-இல் பஞ்சாபின் நங்கல் உர ஆலை, பக்ரா அணையின் நீர்மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்துதான் உரம் செய்தது. நார்வேயில் ரியூகன், எகிப்தில் அஸ்வான், எல்லாம் அதே வழி. அன்றைக்கு இதைப் பசுமை என்று யாரும் அழைக்கவில்லை. அணை மின்சாரத்துக்கு வீடு, வயல், தொழிற்சாலை என்று வேறு கைகள் நீண்டதும் நங்கல் எண்ணெய்க்கு மாறியது. 1978-இல் எரிஎண்ணெயில் ஓடும் புதிய பிரிவு வந்தது. தொழில்நுட்பம் தோற்கவில்லை. மலிவான மின்சாரத்தை ஒரு ஆலைக்கென்று முப்பது வருஷம் ஒதுக்கி வைப்பதுதான் நடக்கவில்லை. தமிழ்நாட்டில் கோடைக்குக் கோடை மின்தேவை ஏறிக்கொண்டிருக்கும்போது, இந்தக் கேள்வியைத் தள்ளி வைக்க முடியாது.

இனி, யாருக்காக என்பது. அம்மோனியா கப்பலேறி ஜப்பான் மின்நிலையத்தில் எரிந்தால் அந்நியச் செலாவணி வரும், துறைமுகத்துக்குக் கட்டணம் வரும். ஊருக்கு? பக்கத்திலேயே உர ஆலை இருக்கிறதே, அங்கே கொடுத்தால் ஆகாதா என்று பயிற்சி வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். பலருக்கும் இந்த இடத்தில் ஒரு முடிச்சு இருப்பது தெரியாது. யூரியா செய்ய அம்மோனியாவோடு கரியமில வாயுவும் வேண்டும். எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும்போது அந்த வாயு கூடவே கிடைக்கிறது; தண்ணீரிலிருந்து எடுத்தால் கிடைக்காது. ராமநாதபுரம்–தூத்துக்குடி எரிவாயுக் குழாய் 2021-இல் வந்த பிறகு யூரியா ஆலையின் பாதை இன்னும் கெட்டியாக எரிவாயுவோடு கட்டுண்டது. பசுமை அம்மோனியா நேராகப் போய்ச் சேரக்கூடிய இடம் டிஏபி, காம்ப்ளெக்ஸ் உர ஆலைகள். இந்தியா ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கும் மேல் அம்மோனியா இறக்குமதி செய்வது பெரும்பாலும் அவற்றுக்காகத்தான். எஸ்இசிஐ ஏலம்விட்ட 7,24,000 டன்னும் உர ஆலைகளுக்கு. தூத்துக்குடியில் காம்ப்ளெக்ஸ் உரம் செய்கிறவர்கள் உண்டு, இறக்குமதிக்குத் துறைமுகமும் உண்டு. ஏற்றுமதிக்குக் கட்டுகிற ஆலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது இங்கேயே கொடுப்பது என்று நிலம் கொடுக்கும்போதே எழுதி வாங்கலாம் என்பது என் கட்சி. வளைகுடாவில் சண்டை மூண்டு அம்மோனியா விலை ஏறுகிற வருஷம் அதன் அருமை தெரியும்.

ஒரு கிலோ ஹைட்ரஜனோடு 8 கிலோ ஆக்சிஜன் வரும். இப்போது போடுகிற திட்டங்கள் பெரும்பாலும் அதை வானத்தில் விடத்தான் போகின்றன. பிடித்து அழுத்திச் சேர்க்கச் செலவாகும் என்பது உண்மை. 2021 மே மாதம் ஆக்சிஜனுக்காக, மூடிக் கிடந்த செம்பு ஆலையின் பிரிவு ஒன்றை உச்ச நீதிமன்ற அனுமதியோடு திறந்து ஓட்டிய ஊர் இது. மீன் வளர்ப்புக் குட்டைகளுக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் ஆக்சிஜன் வேண்டும். ஒரு பகுதிக்காவது குழாய் விட்டு வைக்கச் சொல்லலாம்.

வேலை விஷயத்தில் மட்டும் மேடைப் பேச்சை அப்படியே விழுங்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன். 2024 உலக முதலீட்டாளர் மாநாட்டில் அறிவித்த ஒரு ஹைட்ரஜன் திட்டத்துக்கு முதலீடு ₹36,000 கோடிக்கு மேல். வேலை சுமார் 1,500 பேருக்கு. ஒரு வேலைக்கு ₹24 கோடி! அது யார் குற்றமும் இல்லை. ஹைட்ரஜன் ஆலை தானாக ஓடும். கன்ட்ரோல் ரூமில் ஷிப்டுக்கு நாலு பேர் போதும். கட்டுமானம் நடக்கிற மூன்று, நாலு வருஷம் ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். அதில் கல்லும் மண்ணும் சுமக்கிற வேலைக்கு நம்மவர்களை எடுத்து, நிக்கல் குழாய்க்கு டிக் வெல்டிங் அடிக்க வெளிமாநிலத்திலிருந்து ஆள் கூட்டி வந்தால், ஆலை முடிந்ததும் நம்மவர் கையில் ஒன்றும் தங்காது. அதே வெல்டிங், ரெக்டிஃபயர் பராமரிப்பு, இன்ஸ்ட்ருமென்ட் கேலிபரேஷன், நீர்வேதியியல் ஆய்வகம் இவற்றில் இங்குள்ள ஐடிஐ பிள்ளைகளை இப்போதே பழக்கினால், அவர்கள் இந்த ஆலை இல்லாவிட்டாலும் எங்கேயும் பிழைத்துக்கொள்வார்கள். என் வகுப்பு அதற்குத்தான்.

அதில் படித்த ஒரு பெண் இப்போது ஓர் ஆலையின் ஆர்.ஓ. பிரிவில், ஆய்வகத்தில் இருக்கிறாள். தண்ணீரில் உப்பு எவ்வளவு மிச்சம் என்று மணிக்கொரு தடவை கண்டக்டிவிட்டி பார்ப்பது வேலை. அவள் அம்மா வேம்பார் பக்கம் உப்பளத்தில் வாரப் போகிறவர். ஒருநாள் என்னைப் பார்க்க வந்தவர் மகளின் வேலை என்னவென்று விவரமாகக் கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டார். “நாங்க தண்ணிய விரட்டி உப்ப எடுக்கோம். இவ உப்ப விரட்டித் தண்ணிய எடுக்காளாக்கும். சார், எதுக்குக் கூலி கூட?”

மகளுக்குத்தான் கூட, ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் அவள் காண்ட்ராக்டர் ஆள், ஓராண்டு ஒப்பந்தம். “அளத்துல மழை மாசம் மட்டுந்தான் வேலை இருக்காது” என்றார் அம்மா. புதுப்பிப்பது யார் கையில் இருக்கிறது என்று விசாரித்துச் சொல்வதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்.